பெரிய மார்பகம் உள்ளவர்கள் சரியான பிராவைத் தேர்ந்தெடுப்பது எப்படி? '40 கொடுங்க' என்று கேட்பதில் என்ன தவறு?

"என்ன சைஸ் மேடம்?"

கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் கேட்கிறார். பக்கத்தில் இன்னும் நாலு பேர் நிற்கிறார்கள். நீங்கள் குரலைத் தாழ்த்தி "நாற்பது" என்கிறீர்கள். ஒரு அட்டைப்பெட்டி வருகிறது. போட்டுப் பார்க்க இடம் கிடையாது. உள்ளாடைகளைத் திரும்பப் பெற மாட்டோம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பி விடுகிறீர்கள்.

வீட்டுக்கு வந்து போட்டால் தோளில் பட்டை அழுத்துகிறது, முதுகுப் பக்கம் மேலே ஏறுகிறது, முன்னால் பிதுங்குகிறது. "நம்ம உடம்பு வாகு அப்படி, என்ன பண்றது" என்று அதையே ஒரு வருஷம் ஓட்டிவிடுகிறோம்.

பெரிய மார்பகம் உள்ள பெண்கள் பலருக்கு இது பழகிப்போன கதை. ஆனால், பெரும்பாலும் சிக்கல் இருப்பது கடையில் நீங்கள் சொன்ன எண்ணிலும், சொல்லாமல் விட்ட எழுத்திலும்தான். அது எப்படி என்று பார்ப்போம்.

36 சி என்றால் என்ன?

பிரா அளவில் இரண்டு பகுதிகள் உண்டு. 36 என்ற எண், உடலைச் சுற்றி வரும் அடிப்பட்டையின் அளவு. இதைத்தான் 'பேண்ட்' என்கிறார்கள். இது மார்பகத்துக்குக் கீழே, விலா எலும்பின் மேல் உட்கார வேண்டியது. சி என்ற எழுத்து கப் அளவு. மார்பகத்தின் சுற்றளவு, அதற்குக் கீழே உள்ள சுற்றளவை விட எவ்வளவு அதிகம் என்பதை அது சொல்கிறது.

ஆக, எழுத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. 32 டி கப்பும் 38 டி கப்பும் ஒன்றல்ல. 38 டி கப்பில் கொள்ளளவு அதிகம்.

நம் ஊரில் குழப்பம் தொடங்குவது ஜாக்கெட் அளவில். டெய்லர் டேப்பைப் பிடிப்பது மார்பகம் எடுப்பாக இருக்கும் இடத்தில். அங்கே 39 வந்தால், "எனக்கு நாற்பது சைஸ்" என்று மனதில் பதிந்துவிடுகிறது. பிரா வாங்கும்போதும் அதையே சொல்கிறோம். மார்பகம் சிறியதாக இருந்தால் மேல், கீழ் அளவுகளுக்கு இடையே வித்தியாசம் ஓரிரண்டு அங்குலம்தான், எனவே தவறு அவ்வளவாகத் தெரியாது. வித்தியாசம் ஆறு, ஏழு அங்குலமாக இருப்பவர்களுக்குத்தான் அதே தவறு பெரிதாகிறது.

எடையைத் தாங்குவது எது?

தோள்பட்டைதான் தாங்குகிறது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பங்கு வேலை அடிப்பட்டைக்குத்தான். அது உடம்போடு ஒட்டி நின்றால்தான் கப் கீழே இறங்காமல் இருக்கும். பேண்ட் தளர்வாக இருந்தால் பாரம் முழுக்கத் தோளுக்குப் போகிறது. தோள்பட்டையை இழுத்து இறுக்குகிறோம், அது பின்னால் பேண்டை இன்னும் மேலே தூக்குகிறது, முன்பக்கம் இன்னும் கீழே இறங்குகிறது. மாலையில் தோளில் பள்ளம் விழுந்ததுபோல் தடம் தெரிவது இதனால்தான்.

வீட்டிலேயே அளவு எடுப்பது எப்படி?

தையல் டேப் ஒன்று போதும். பஞ்சு வைக்காத, மெல்லிய பிரா போட்டுக்கொண்டோ, எதுவும் போடாமலோ கண்ணாடி முன் நில்லுங்கள்.

முதல் அளவு: மார்பகத்துக்கு நேர் கீழே, விலாவைச் சுற்றி டேப்பைக் கொண்டு வாருங்கள். முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். மூச்சை வெளியே விட்டு, டேப் நன்றாக ஒட்டி நிற்கும்படி எடுங்கள்.

இரண்டாவது அளவு: மார்பகம் எடுப்பாக இருக்கும் இடத்தில், இறுக்காமல் எடுங்கள். பெரிய மார்பகம் நிற்கும்போது கீழ்நோக்கி இறங்கியிருக்கும் என்பதால் அளவு குறைத்துக் காட்டலாம். எனவே இடுப்பை வளைத்து, உடல் தரைக்கு இணையாக இருக்கும்படி குனிந்து இன்னொரு முறை எடுங்கள். இரண்டும் வேறுபட்டால் சராசரியை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். 1 அங்குலம் என்றால் ஏ, 2 பி, 3 சி, 4 டி. அதற்கு மேல் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டன் முறையில் 5 டிடி, 6 இ, 7 எஃப், 8 எஃப்எஃப், 9 ஜி. அமெரிக்க முறையில் 5 டிடி, 6 டிடிடி அல்லது எஃப், 7 ஜி. இந்தியக் கடைகளில் இரண்டு முறைகளும் கலந்து கிடைக்கின்றன. அதனால் டி-க்கு மேல் போகிறவர்கள் அந்தந்த பிராண்டின் அளவு அட்டவணையைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

ஒரே உடம்புக்கு மூன்று சைஸ் வருவது ஏன்?

ஒரு உதாரணம். கீழ்ச்சுற்று 32 அங்குலம், மார்பகச் சுற்று 39 அங்குலம் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம்.

ஜாக்கெட் அளவைச் சொல்லிக் கேட்டால் கடையில் கிடைப்பது 40 பி.

சில அட்டவணைகள் கீழ்ச்சுற்றோடு 4 அங்குலம் கூட்டி பேண்ட் எண்ணைக் கணக்கிடும். இது பழைய முறை. 32 என்பது 36 ஆகிறது, 39-க்கும் அதற்கும் வித்தியாசம் 3. எனவே 36 சி.

எதையும் கூட்டாமல், உடம்பு அளவையே பேண்டாக எடுத்துக்கொண்டால் வித்தியாசம் 7. பிரிட்டன் முறையில் 32 எஃப்.

"எஃப் கப்பா? நான் அவ்வளவு பெருசா?" என்று பலரும் திகைப்பது இந்த இடத்தில்தான். எழுத்து பயமுறுத்தத் தேவையில்லை. 32 பேண்டில் வரும் எஃப் கப்பின் கொள்ளளவு, 36 பேண்டில் வரும் டிடி-க்கும், 40 பேண்டில் வரும் சி-க்கும் ஏறக்குறைய சமம்.

இதை 'சிஸ்டர் சைஸ்' என்கிறார்கள். பேண்டில் ஒரு அளவு குறைந்தால் கப்பில் ஒரு எழுத்து கூடும், பேண்டில் ஒரு அளவு கூடினால் கப்பில் ஒரு எழுத்து குறையும், கொள்ளளவு மாறாது. அதாவது 32 எஃப், 34 இ, 36 டிடி, 38 டி, 40 சி எல்லாம் ஒரே குடும்பம். இப்போது அந்த 40 பி-யைப் பாருங்கள். கப் ஒரு அளவு சிறியது, பேண்டோ 8 அங்குலம் பெரியது. பிதுங்குவதும் மேலே ஏறுவதும் ஒரே நேரத்தில் நடப்பதற்கு இதுதான் காரணம்.

அதற்காக 32 எஃப்தான் இறுதி என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எலாஸ்டிக் இழுவை பிராண்டுக்கு பிராண்டு மாறும். ஒரு நிறுவனத்தின் 34, இன்னொன்றின் 36 போல இருக்கலாம். கணக்கில் வரும் அளவு, எதிலிருந்து போட்டுப் பார்க்கத் தொடங்குவது என்று மட்டுமே சொல்லும்.

இந்திய உடல்வாகுக்கென்று அளவுகள் இல்லையா?

இந்தியாவில் ஆடை நிறுவனங்கள் பல காலமாகப் பிரிட்டன், அமெரிக்க, ஐரோப்பிய அளவுகளைத்தான் ஒட்டியும் மாற்றியும் பயன்படுத்துகின்றன. இதை மாற்றுவதற்காக நாடு முழுவதும் 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் திட்டத்தை தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான நிஃப்ட் 2018-ல் அறிவித்தது.

இதற்கிடையே, பல சிறிய கடைகளில் பி, சி கப்களோடு சரக்கு முடிந்துவிடுகிறது. டிடி கேட்டால், "அந்த சைஸ் வராதும்மா, 42 எடுத்துக்கோங்க, சரியா இருக்கும்" என்பார்கள். கப் கொஞ்சம் இடம் கொடுக்கும், பேண்ட் தளர்ந்து தொங்கும். உங்களுக்குச் சரியானதைக் கொடுக்க முடியாதபோது இருப்பதைக் கொடுக்கிறார்கள் என்று புரிந்துகொண்டால், "வேண்டாங்க" என்று சொல்வது எளிது.

போட்டபின் சரிபார்க்க வேண்டியவை

கொக்கி மாட்டியதும், சற்றே முன்னால் குனிந்து, அக்குள் பக்கம் ஒதுங்கியிருக்கும் மார்பகத் திசுவைக் கையால் கப்புக்குள் கொண்டு வாருங்கள். இதைச் செய்யாமல் பார்த்தால் சிறிய கப்பும் பொருந்துவதுபோலத் தோன்றும். பிறகு பக்கவாட்டில் திரும்பிக் கண்ணாடியில் பாருங்கள்.

• புதிய பிராவை, தளர்வான கடைசிக் கொக்கியில் மாட்டும்போதே பேண்ட் இறுக்கமாக நிற்க வேண்டும். எலாஸ்டிக் நாளாக நாளாகத் தளரும்போது உள் கொக்கிகளுக்குப் போகலாம்.

• பேண்டுக்கு அடியில் இரண்டு விரல் நுழையலாம், கை முழுக்க நுழையக் கூடாது. பின்பக்கம் மேலே ஏறினால் பேண்ட் பெரிது. பேண்டைக் குறைக்கும்போது கப் எழுத்தைக் கூட்ட மறக்காதீர்கள்.

• மேலேயோ, அக்குள் பக்கமோ பிதுங்கினால் கப் சிறிது.

• கம்பி வைத்த பிரா என்றால், இரண்டு கப்களுக்கு நடுவே உள்ள பகுதி நெஞ்செலும்பில் படிந்திருக்க வேண்டும். எழும்பி நின்றால் பெரும்பாலும் கப் சிறிது என்று பொருள். கம்பி மார்பகத்தின் மேல் ஏறாமல் அதன் மடிப்பில் உட்கார வேண்டும்.

• கப்பின் மேல்புறம் துணி சுருங்கி நின்றால் கப் பெரிதாக இருக்கலாம், அல்லது அந்த வடிவம் உங்களுக்கு ஒத்துவரவில்லை.

• தோள்பட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டுப் பாருங்கள். அப்போதும் பேண்ட் தன் இடத்தில் நின்றால் அளவு சரி.

இரண்டு மார்பகமும் ஒரே அளவில் இல்லாமல் இருப்பது இயல்பு. பெரியதற்கு ஏற்ப வாங்கி, மறுபக்கப் பட்டையைச் சற்று இறுக்கிக்கொள்ளலாம்.

எந்த மாதிரி வாங்கலாம்?

அகலமான தோள்பட்டை, மூன்று வரிசைக் கொக்கி, முழுதாக மூடும் கப், பக்கவாட்டில் தாங்கு துணி ஆகியவை உள்ளவற்றைப் பாருங்கள். ஒரே அச்சில் வார்த்த பஞ்சு கப்பை விட, இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டித் தையல் போட்ட கப் பெரிய மார்பகத்துக்கு நன்றாகப் பிடிகொடுக்கும். 'மினிமைசர்' என்று விற்பவை மார்பகத்தைப் பரப்பி, முன்னால் தள்ளித் தெரியாமல் காட்டுகின்றன. சட்டையில் பட்டன் இடைவெளி விழுகிறது என்பவர்களுக்கு அது உதவும். அதற்காகச் சிறிய கப்பை வாங்கி அமுக்கிப் போடுவது வேறு விஷயம், அது தேவையில்லை.

நடை, ஓட்டம், ஜிம் என்றால் தலைவழியாக மாட்டி மொத்தமாக அமுக்கும் ஸ்போர்ட்ஸ் பிரா போதாது. இரண்டு மார்பகத்தையும் தனித்தனிக் கப்பில் தாங்கும் வகையைத் தேடுங்கள். மார்பகத்துக்குள் தசை கிடையாது, தோலும் மெல்லிய இணைப்புத் திசுக்களும்தான் அதைப் பிடித்து நிற்கின்றன. குலுங்கும், வலிக்கும், நாலு பேர் பார்ப்பார்கள் என்று உடற்பயிற்சியையே விட்டவர்களுக்கு இந்த ஒரு மாற்றம் பெரிய வித்தியாசத்தைத் தரலாம்.

சேலை கட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு: ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கும்போது, அதனுடன் போடப்போகும் பிராவையே போட்டுச் செல்லுங்கள். பிரா மாறினால் டாட் வைக்கும் இடமும் மாறும்.

உடல்நலத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

மேல்முதுகு வலி இருந்த 18 முதல் 26 வயதுப் பெண்கள் 30 பேரிடம் நடத்தி, 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், 80 சதவீதம் பேர் தவறான அளவில் பிரா அணிந்திருந்தது தெரியவந்தது. 70 சதவீதம் பேருக்கு அது சிறியது, 10 சதவீதம் பேருக்குப் பெரியது. பெரிய மார்பகம் உள்ளவர்களே அதிகம் தவறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான், முதுகு வலிக்கும் மார்பக அளவுக்கும் அதில் நேரடித் தொடர்பும் தெரியவில்லை. அதனால் பிராவை மாற்றினால் வலி போய்விடும் என்று உறுதி சொல்ல முடியாது. தோள் அழுத்தமும் உரசலும் குறையும் என்று எதிர்பார்க்கலாம்.

நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் மார்பகத்துக்கு அடியில் தோல் தோலோடு ஒட்டி, சிவந்து, அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வரலாம். அந்த இடத்தை உலர்வாக வைத்திருங்கள், பருத்தி உள்புறம் கொண்ட பிராவைத் தினமும் மாற்றுங்கள். சரியாகாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிரா போட்டால் புற்றுநோய் வரும் என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 1,500-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில், கம்பி வைத்தது உட்பட எந்த பிராவுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் கட்டி, காம்பிலிருந்து கசிவு, தோலில் குழி, ஒரு மார்பகம் மட்டும் திடீரென்று பெரிதாவது போன்றவை தெரிந்தால் பிராவைக் காரணம் சொல்லித் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். மார்பகத்தின் எடையாலேயே தொடர்ந்து வலி இருந்தால், மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி பிளாஸ்டிக் சர்ஜனிடம் கேட்கலாம்.

கடைக்குப் போகும் முன்

இரண்டு அளவுகளையும் அங்குலத்திலும் சென்டிமீட்டரிலும் போனில் குறித்து வையுங்கள். ஒரு அங்குலம் 2.54 சென்டிமீட்டர். அட்டவணையில் 34, 36 என்ற எண்களை விட, எந்தக் கீழ்ச்சுற்றுக்கு அது பொருந்தும் என்ற வரியைப் பாருங்கள்.

போட்டுப் பார்க்க அறை உள்ள கடைக்கு ஒரு முறையாவது போங்கள். ஆன்லைனில் வாங்கினால், உள்ளாடையைத் திரும்பப் பெறுவார்களா என்று முதலில் படியுங்கள். பெறுவார்கள் என்றால், கணக்கில் வந்த அளவோடு பக்கத்து அளவு ஒன்றையும் சேர்த்து வரவழையுங்கள். லேபிளைக் கிழிக்காமல், கையைத் தூக்கி, உட்கார்ந்து, குனிந்து பாருங்கள். பொருந்தியது தெரியும் வரை ஒன்றுக்கு மேல் வாங்க வேண்டாம்.

துவைக்கும்போது குளிர்ந்த நீரில் கையால் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயப்போட்டால் எலாஸ்டிக் நீண்ட நாள் வரும். கடைசி உள் கொக்கியிலும் பேண்ட் மேலே ஏறத் தொடங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

உடல் எடை மாறினாலும், கர்ப்பம், தாய்ப்பால் காலம், மாதவிடாய் நிற்கும் காலத்திலும் அளவுகள் மாறும். கல்யாணத்தின்போது சொன்ன சைஸையே நாற்பது வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தால், டேப்பை எடுத்து இன்னொரு முறை அளந்து பாருங்கள்.