டிவியில் பார்த்ததை ஏன் தியேட்டரில் பார்க்கிறோம்?

2024 ஏப்ரல் 20-ல் ‘கில்லி’ மறுபடியும் தியேட்டருக்கு வந்தது. டிக்கெட்டுக்கு நான் அலைவதைப் பார்த்துவிட்டு கல்லிடைக்குறிச்சி நண்பர் ஒருத்தர் கேட்டார்: “டிவியில நூறு தடவ போட்டுட்டான். அதுக்குப் போயி துட்டு குடுக்கணுமா வே?”

நியாயமான கேள்விதான். 2004-ல் வந்த படம், வசனமெல்லாம் மனப்பாடம்.

இதே கேள்வியை 2013-ல் லண்டனிலும் கேட்டிருக்கலாம். பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடர் 1963 நவம்பர் 23-ல் தொடங்கியது. 50 வருஷம் கழித்து அதே தேதியில் ஒரு சிறப்பு அத்தியாயம் வந்தது. 94 நாடுகளில் ஒரே சமயத்தில் ஒளிபரப்பு, கின்னஸ் சாதனை. வீட்டு டிவியிலேயே வருகிறது. ஆனாலும் ரசிகர்கள் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துக் காத்திருந்து, தியேட்டரில் போய்ப் பார்த்தார்கள்.

அவர்களுக்கு அந்தத் தொடர் மேல் ஒரு உரிமை உண்டு. 1960, 70-களில் பிபிசி பழைய டேப்புகளை அழித்துவிட்டது. பல அத்தியாயங்களின் படம் போயே போச்சு. ஒலி மட்டும் மிஞ்சியிருக்கிறது. டிவியில் ஓடும்போது ரசிகர்கள் வீட்டிலேயே டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்ததுதான் காரணம். தனித்தனி வீட்டில் அப்படிக் காத்தவர்கள், 50-வது வருஷத்தில் ஒரே அரங்கில் கூடினார்கள்.

நம்ம பக்கம் கதை கொஞ்சம் வேற. தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலை அரங்கு சினிமாக் கொட்டகைதான் என்று ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி எழுதியிருக்கிறார். தரை, பெஞ்சு, சேர் என்று இடத்தைப் பிரித்தது டிக்கெட் விலை; பிறப்பு இல்லை.

அப்புறம் டிவி வந்தது. சென்னை தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். எங்க பக்கம் அது ஒழுங்காகத் தெரிந்தது 80-களின் கடைசியில், கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகுதான். தியேட்டருக்கு இல்லாத ஒன்று டிவிக்கு இருந்தது: வீட்டு வாசப்படி. தெருவுக்கு ஒரு டிவி. சிலர் கூடத்தில், சிலர் திண்ணையில், மிச்சப் பேர் ஜன்னலுக்கு வெளியே. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்ததுதான். “கொசு வருது”ன்னு உள்ளேயிருந்து சாத்திட்டா, அன்னைக்கு அவ்வளவுதான்.

2006-ல் அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. அதைப் பலரும் கிண்டல் செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல் கூட்டத்துக்கு அது முடிவு கட்டியது. ஆனால் அவரவர் டிவி அவரவர் வீட்டுக்குள் போனதும், சேர்ந்து பார்ப்பதும் போய்விட்டது. ‘கில்லி’யை நாம் நூறு தடவை பார்த்தது அந்த டிவிகளில்தான்.

நெல்லையில் படம் பார்த்தேன். பிரகாஷ்ராஜ் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே மொத்த அரங்கமும் வசனத்தைச் சொன்னது. கபடி இறுதி ஆட்டத்தில் யாரும் உட்காரவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துக் குதித்தார்.

எங்க ஊர்ப் பக்கம் புது ஆள் கிடைத்தால் முதலில் “எந்தத் தெரு?” என்றுதான் கேட்பார்கள். அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.