அசுவத்தாமன்: காஞ்சி வட்டாரத்தில் ஒரு சாகாவரச் சாபம்

அசுவத்தாமன், மகாபாரதத்தில் துரோணருக்கும் கிருபிக்கும் பிறந்த மகன். ஏழு சிரஞ்சீவிகளுள் ஒருவன். அனுமன், வீடணன் முதலானோருக்குச் சாகாமை பேறாக வாய்த்தது. இவனுக்கோ தண்டனையாக வந்தது. காஞ்சிபுரம் வட்டாரம் இவனை இரண்டு விதமாக அறியும்: கல்வெட்டில் அரச குலத்தின் மூதாதை, கூத்தில் பிள்ளைகளைக் கொன்ற பாவி.

சாபம்

கதை பத்தாவது பருவமான சௌப்திக பருவத்தில் வருகிறது. பதினெட்டாம் நாள் போர் முடிந்த இரவில் அசுவத்தாமன் உறங்கிக்கிடந்த பாண்டவர் பாசறைக்குள் புகுந்து, திட்டத்துய்மன், சிகண்டி, திரௌபதியின் ஐந்து பிள்ளைகள் ஆகியோரைக் கொன்றான். பிறகு பாண்டவர் மருமகளான உத்தரையின் வயிற்றில் இருந்த கருவின் மீதும் அத்திரத்தை ஏவினான். பிறவியிலேயே அவன் தலையில் இருந்த மணி பறிபோனது. சீழும் குருதியும் நாற, பேச்சுத்துணைகூட இல்லாமல் 3,000 ஆண்டுகள் அலையுமாறு கண்ணன் சபித்தான். கலியுகம் முடியும்வரை அலைவான் என்பது மக்கள் வழக்கு.

பல்லவர் காலம்

காஞ்சியை ஆண்ட பல்லவர் தங்கள் குலத்தைப் பிரமனில் தொடங்கி, பரத்துவாசர், துரோணர் வழியாக அசுவத்தாமனுக்குக் கொண்டுவந்து, அவன் வழியில் 'பல்லவன்' தோன்றியதாகச் சொல்லிக்கொண்டனர். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் இராசசிம்மன் வெட்டுவித்த வடமொழிக் கல்வெட்டிலும் இரண்டாம் நந்திவர்மனின் காசாக்குடிச் செப்பேட்டிலும் இவ்வழிமுறை காணப்படுகிறது. உத்திரமேரூரைச் சதுர்வேதிமங்கலமாக நிறுவியவனும் இந்த நந்திவர்மனே. ஆக, குடவோலைக் கல்வெட்டால் புகழ்பெற்ற அந்த ஊர், அசுவத்தாமனைப் பாட்டனாகக் கொண்ட குலம் தந்தது. முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, காஞ்சிக்கு அருகிலுள்ள கூரம் கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிக்கப் பங்கு ஒதுக்குகிறது. பாரதம் கேட்கும் வழக்கம் இங்கே ஏழாம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது.

கூத்தும் படுகளமும்

இன்று அந்த வழக்கம் திரௌபதியம்மன் கோயில் திருவிழாக்களில் வாழ்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கட்டைக்கூத்து. கட்டைக்கூத்துக் கலைஞர் பெ. இராசகோபால் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் இயங்குகிறது.

'பதினெட்டாம் போர்' கூத்து விடிய விடிய நடக்கும். கண்ணாடிச் சில்லுகள் பதித்த மரக்கிரீடமும் புஜக்கட்டையும் விளக்கொளியில் மின்ன, முகவீணையும் மிருதங்கமும் முழங்க, வேடதாரி திரைக்குப் பின்னிருந்து பாடி வெளிப்படுவார். கட்டியக்காரன் ஊர் நடப்பைக் கேலி பேசிச் சிரிக்க வைப்பான். விடிந்ததும் படுகளம்: தரையில் மல்லாந்து கிடக்கும் பிரம்மாண்டமான துரியோதனன் மண்ணுருவத்தின் தொடையை வீமன் அடித்துப் பிளக்க, திரௌபதி கூந்தல் முடிவாள். பல ஊர்களில் முறமும் துடைப்பமுமாக ஒருவர் வந்து துரியோதனனுக்கு ஒப்பாரி வைப்பதும் உண்டு. பகைவனே ஆனாலும் செத்தவனுக்கு ஊர் அழுகிறது. சாகமுடியாத அசுவத்தாமனுக்கு அந்த அழுகையும் கிடையாது. சாபத்தின் முழுக் கொடுமையும் அங்கேதான் விளங்குகிறது.

எழுத்தும் திரையும்

வில்லிபுத்தூரார் பாரதம் சௌப்திக பருவத்தோடு நிறைவுறுகிறது. ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை எழுதிய 'வெண்முரசு' 26 நாவல்களில் பாரதத்தை மறுபடியும் சொன்னது.

2024 ஜூன் 27 அன்று தமிழிலும் வெளியான நாக் அஸ்வின் இயக்கிய 'கல்கி 2898 ஏடி' படம் அசுவத்தாமனை அறிவியல் புனைகதைக்குள் அழைத்து வந்தது. அமிதாப் பச்சன் அசுவத்தாமனாகவும், கமல்ஹாசன் யாஸ்கினாகவும் நடித்தனர். கர்ப்பிணிகளின் கருவிலிருந்து எடுக்கும் சாரத்தால் ஆயுளை நீட்டிக்க முயல்பவன் யாஸ்கின். சாகமுடியாமல் யுகங்களைக் கடந்தவன் அசுவத்தாமன். கருவை அழிக்கத் துணிந்ததால் சபிக்கப்பட்டவனுக்கு, இன்னொரு கருவைக் காப்பதே மீட்சிக்கான வழி என்று இப்படம் வைக்கிறது.