பயன்பாட்டில் வாழும் மரபு: எடோ கிரிகோவும் விஸ்கிக் குவளையும்

கிரிகோ எனப்படும் ஜப்பானியப் பட்டைதீட்டிய கண்ணாடி இன்று அயல்நாட்டவர் பலருக்கு விஸ்கிக் குவளை வழியாகவே அறிமுகமாகிறது. இதன்மீது இரண்டு குறைகள் சொல்லப்படுவதுண்டு. ஒரு பழங்கலை அந்நிய மதுவுக்காகத் தன் இயல்பை விட்டுக்கொடுத்துவிட்டது என்பது ஒன்று. அகன்ற வாயுள்ள இக்குவளை விஸ்கியின் மணத்தைச் சிதறவிடுகிறது, ஆகவே அதன் வேலைப்பாடு வெறும் அலங்காரமே என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பொருந்தா என்பதையும், பயன்பாடே இம்மரபைக் காத்துவருகிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

எடோ கிரிகோவின் தொடக்கமாக 1834ஆம் ஆண்டு குறிக்கப்படுகிறது. எடோ நகரின், அதாவது இன்றைய டோக்கியோவின், ஓதென்மாச்சோ பகுதியில் கண்ணாடி வணிகம் செய்த காகாயா கியூபெய் எமரித் தூளால் கண்ணாடிமீது கோலங்களைச் செதுக்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மெய்ஜி அரசு ஷினாகவாவில் நடத்திய கண்ணாடித் தொழிற்சாலைக்கு 1881இல் எம்மானுவேல் ஹாப்ட்மன் என்னும் ஆங்கிலேய வல்லுநர் அழைக்கப்பட்டார். சுழலும் சக்கரத்தில் கண்ணாடியை வெட்டும் முறையை அவர் உள்ளூர்க் கைவினைஞர்களுக்குக் கற்பித்தார். இன்றைய தொழில்முறை அந்தப் பயிற்சியின் வழியில் வளர்ந்தது. ஜப்பானிய விஸ்கியின் வரலாறும் இதற்கு இணையானதே. தகேத்சுரு மசதாகா 1918இல் ஸ்காட்லாந்து சென்று வடிக்கும் தொழிலைக் கற்றுத் திரும்பினார். 1923இல் தோரீ ஷின்ஜிரோ யமசாகியில் வடிசாலை அமைக்கும் பணியைத் தொடங்கினார். அயலாரிடம் கற்றுத் தமதாக்கிக்கொண்ட இரு தொழில்கள் ஒரே குவளையில் சந்திப்பதை மரபின் சிதைவு என்று கொள்ள இடமில்லை.

தூய்மையைக் காட்டிலும் புழக்கமே ஒரு கலையைக் காக்கும் என்பதற்குச் சாட்சுமா கிரிகோ தக்க சான்று. எடோவிலிருந்து கைவினைஞரை வரவழைத்துத் தொடங்கிய இத்தொழில், 1851இல் சாட்சுமாவின் ஆட்சிக்கு வந்த ஷிமாசு நரியாகிராவின் ஆதரவில் உச்சம் தொட்டது. தடித்த நிற மேலடுக்கைச் சரிவாக வெட்டி, அடர்நிறம் படிப்படியாக வெளிறும்படி செய்வது அதன் தனிச்சிறப்பு. ஆனால் 1858இல் நரியாகிரா மறைந்தார்; 1863இல் ஆங்கிலேயக் கடற்படையின் தாக்குதலில் தொழிற்கூடம் அழிந்தது. பின்னர் வழக்கொழிந்த அக்கலை 1985இல்தான் ககோஷிமாவில் மீட்டெடுக்கப்பட்டது. எடோ கிரிகோவுக்கு இத்தகைய நெடிய இடைவெளி நேரவில்லை. அது ஒரு பிரபுவின் கொடையை நம்பியிராமல் நகரமக்களின் சந்தையை நம்பியிருந்தது இதற்கு முக்கியக் காரணம்.

இனி இரண்டாம் குறைக்கு வருவோம். குறுகிய வாயுள்ள துலிப் வடிவக் குவளை மணத்தைத் திரட்டித் தருகிறது. விஸ்கியை எதுவும் கலக்காமல் முகர்ந்து மதிப்பிடுவோருக்கு அதுவே தகும். ஆனால் ஜப்பானில் பனிக்கட்டியோடும், உணவுடன் நீர் கலந்தும் விஸ்கி அருந்தும் வழக்கம் வேரூன்றியது. குளிர்ச்சி மணப்பொருள்கள் ஆவியாவதைக் குறைப்பதால், அங்கே துலிப் குவளையின் மேன்மையும் குறைகிறது. பெரிய பனிக்கட்டி உருண்டைக்கு அகன்ற வாயும் கனத்த அடியும் தேவை. குளிர்ந்து ஈரமான குவளை வழுக்காமலிருக்க வெளிப்புற வெட்டுகள் பிடிப்புத் தருகின்றன. பொதுவாக இதழ் படும் விளிம்பு வெட்டப்படாமல் விடப்படுகிறது. உட்புறமும் வழவழப்பாகவே இருக்கிறது.

காட்சியும் இந்தப் பயனில் அடங்கும். பனி உருகிய நீரும் விஸ்கியும் ஒளியை வெவ்வேறு அளவில் விலக்குவதால், அவை கலக்கும்போது மெல்லிய இழைகள் தெரிகின்றன. அடியில் செதுக்கிய செவ்வந்தி வடிவம் அந்த இழைகளின் ஊடே அசைந்து பெருகித் தோன்றுகிறது. மது நீர்த்துப்போகும் ஒவ்வொரு கட்டத்தையும் அருந்துபவர் கண்ணால் அறிகிறார். மெதுவாக அருந்தும் முறைக்கு இதைவிடப் பொருத்தமான துணை அரிது.

இந்த விளைவு முழுவதும் கையின் துல்லியத்தைச் சார்ந்தது. முதலில் அளவுக்கோடுகள் மட்டுமே குறிக்கப்படுகின்றன. மீன்முட்டைகளை நிரல்படுத்தியது போன்ற நானாகோ, சணல் இலையை ஒத்த அசானோஹா ஆகிய கோலங்களின் ஆழமும் சந்திப்பும் கைவினைஞரின் கணிப்பில் உருவாகின்றன. அவர் சக்கரத்துக்கு மேலே குவளையைப் பிடித்து, அதன் உட்புறம் வழியே பார்த்து வெட்டுகிறார். கறுப்பு நிற மேலடுக்கில் ஒளி ஊடுருவாது. அப்போது தொடுவுணர்வும் ஓசையுமே வழிகாட்டும். எடோ கிரிகோ கூட்டுறவுச் சங்கத்தின் வரையறையும் இதனோடு ஒத்துப்போகிறது: கண்ணாடியாலானது, கைவேலையாலானது, பெரும்பாலும் சுழல்கருவிகளால் ஆனது, டோக்கியோவின் கோத்தோ வார்டை மையமாகக் கொண்ட கான்டோ வட்டாரத்தில் ஆனது. கருவியின் பழமையையோ குவளையில் ஊற்றும் பானத்தையோ அது நிபந்தனையாக்கவில்லை.

2002இல் ஜப்பானிய அரசு எடோ கிரிகோவைத் தேசிய மரபுக் கைவினையாக அறிவித்தது. அந்த மதிப்பு வேண்டிய ஒன்றுதான்; ஆயினும் அறிவிப்பு மட்டும் ஒரு பட்டறையில் சக்கரத்தைச் சுழலவைக்காது. அன்றாடம் கையிலெடுக்கும் பாத்திரமாகக் கிரிகோ நீடிக்கும்போதுதான் இளைய கைவினைஞருக்கு வேலையும் பயிற்சியும் கிடைக்கும். ஆகவே இக்கலையை ஆராய்வோர் விஸ்கிக் குவளையை வணிகப் பக்கவிளைவாக ஒதுக்காமல், கிரிகோவின் இன்றைய முதன்மை வடிவங்களுள் ஒன்றாகவே ஏற்று ஆராய வேண்டும்.