மூவாயிரத்து ஒண்ணாவது புத்தகம்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியா இருக்கறதால இன்னிக்கு நீளமான பதிவு. வரலாறுன்னா அலர்ஜி இருக்கறவங்க இப்பவே அப்பீட்டு ஆயிக்கலாம் :-)

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க பெரியப்பாவுக்கு வயசு 78. காரைக்குடியில பள்ளிக்கூட வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவர். சம்பளத்துல பாதி புத்தகத்துக்குப் போச்சுன்னு பெரியம்மா இன்னிக்கும் சொல்லிக் காட்டுவாங்க. நாலு மர அலமாரி, ரெண்டு டிரங்குப் பெட்டி. அலமாரியில சுமார் 1100 புத்தகம். அதுல பாதி, வாராவாரம் பத்திரிகையிலேர்ந்து கிழிச்சு எடுத்து, காலிகோ போட்டு பைண்டு பண்ணின தொடர்கதைங்க. டிரங்குப் பெட்டியில என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. தொட விடமாட்டார்.

இப்ப முட்டிவலி. மாடி ஏற முடியலை. அக்கா நியூஜெர்சியில இருக்கா. வீட்டை வித்துட்டு, ரெண்டு பேரும் சென்னையில எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு சின்ன ஃப்ளாட்டுக்கு வந்துடறதுன்னு முடிவாச்சு. தீபாவளிக்குப் போயிருந்தப்ப பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இதையெல்லாம் என்னடா பண்றது?"ன்னு கேட்டார்.

பொட்டி தட்டறவன் புத்தி எங்க போகும்? யோசிக்காம, "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டு எடைக்குப் போட்டுறலாம் பெரியப்பா. மொத்தமும் ஒரு பென்டிரைவ்ல அடங்கிரும்"னு சொல்லிட்டேன். அவர் ஒண்ணுமே சொல்லலை. துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு முகப்புல போய் உக்காந்துட்டார். அன்னிக்கு ராத்திரி சாப்பிடலைன்னு மறுநாள் பெரியம்மா சொல்லித்தான் தெரியும்.

ஊருக்குத் திரும்பி வந்தும் மனசு கேக்கலை. இந்தக் கேள்வி எங்க பெரியப்பாவுக்கு மட்டும் வந்ததா இருக்காதே, வாழ்க்கை முழுக்கச் சேர்த்தவங்க கடைசியில என்ன பண்ணினாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். நாலு பேர் கிடைச்சாங்க.

முதல் ஆள் சாமுவேல் பீப்ஸ். 1633-ல பொறந்த லண்டன்காரர். கடற்படை நிர்வாகத்துல பெரிய அதிகாரி. 1660-லேர்ந்து 1669 வரைக்கும் இவர் எழுதின டைரிதான் இவரோட புகழுக்குக் காரணம். ஆனா புத்தகம் சேர்க்கறதுலயும் மனுஷன் பயங்கரமான ஆளு. 1666-ல கப்பல்துறைத் தச்சரை வெச்சு புத்தக அலமாரி செய்ய ஆரம்பிச்சார். சாகும்போது மொத்தம் 12 அலமாரி. புத்தகங்களை உயரப்படி அடுக்கினார். வரிசையில ஒரு புத்தகம் குட்டையா இருந்தா, அடியில மரக்கட்டை வெச்சு உயரத்தைச் சரிக்கட்டினார். (எங்க பெரியப்பாவே தேவலை!)

முக்கியமான விஷயம் என்னன்னா, இவர் சேர்க்க மட்டும் செய்யலை, கழிக்கவும் செஞ்சார். ஒரு புத்தகத்துக்கு நல்ல பதிப்பு கிடைச்சா பழசை வெளிய தள்ளிடுவார். அவர் மனசுல வெச்சிருந்த கணக்கு 3000. மூவாயிரத்து ஒண்ணாவது புத்தகம் உள்ள வரணும்னா ஏதோ ஒண்ணு வெளிய போயாகணும்.

அவருக்குக் குழந்தை கிடையாது. 1703-ல, சாகறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, உயில்ல ஒரு இணைப்பு எழுதினார். தங்கச்சி மகன் ஜான் ஜாக்சன் உயிரோட இருக்கற வரைக்கும் நூலகம் அவன்கிட்ட இருக்கணும். அதுக்கப்புறம் கேம்பிரிட்ஜ்ல தான் படிச்ச மாடலின் கல்லூரிக்குப் போகணும். ஒரு புத்தகம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதோட விட்டிருந்தா எல்லா உயிலையும் மாதிரி இதுவும் ஒரு உயில். ஆனா இன்னொரு கொக்கி போட்டார் பாருங்க. பக்கத்துல இருக்கற டிரினிட்டி கல்லூரிக்கு வருஷா வருஷம் வந்து சரிபார்க்கற உரிமை உண்டு. விதியை மீறினது தெரிஞ்சா மொத்த நூலகமும் டிரினிட்டிக்குப் போயிடும்! போட்டிக் கல்லூரியையே ஆடிட்டரா போட்டா எவன் புத்தகத்துல கை வைப்பான்? 1724-ல நூலகம் மாடலினுக்குப் போச்சு. இந்த நிமிஷம் வரைக்கும் அதே அலமாரியில அங்கதான் இருக்கு.

இவ்ளோ யோசிச்ச ஆளுகிட்டயும் ஒரு ஓட்டை இருந்துச்சு. டைரி முழுக்கச் சுருக்கெழுத்து. நூறு வருஷத்துக்கு மேல யாருக்கும் படிக்கத் தெரியலை. ஜான் ஸ்மித்னு ஒரு மாணவர் 1819-லேர்ந்து மூணு வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டு எழுத்துக்கு எழுத்து பேர்த்தெழுதினார். அந்தச் சுருக்கெழுத்து முறையைக் கத்துக்கொடுக்கற புத்தகம் அதே நூலகத்துலயே இருந்துச்சு, அது அவருக்குத் தெரியாது! சாவி அதே அறையில இருக்கு, இதுதான் சாவின்னு சொல்ல ஆள் இல்லை. சேர்த்தவர் தலைக்குள்ள இருந்த ஒரு வரித் தகவல், அவரோடயே போயிடுச்சு.

ரெண்டாவது ஆள் ஹான்ஸ் ஸ்லோன். லண்டன் டாக்டர். 1753-ல 92 வயசுல செத்தப்ப கையில 71,000-க்கு மேல பொருள்கள். செடி, கிளிஞ்சல், காசு, கையெழுத்துப் பிரதின்னு இல்லாததே இல்லை. அவர் பணத்துல ஒரு பங்கு ஜமைக்காவுல அடிமைங்க உழைச்ச கரும்புத் தோட்டங்கள்லேர்ந்து மனைவி வழியா வந்தது. அதையும் சொல்லாம விட்டா நியாயமில்லை. இவரோட உயில் வேற மாதிரி. மொத்தமும் நாட்டுக்கு, ஆனா ரெண்டு பொண்ணுங்களுக்கும் சேர்த்து 20,000 பவுண்டு குடுத்துடணும். உண்மை மதிப்புல அது ஒரு சின்னப் பங்குதான். நாடு வேண்டாம்னா வெளிநாட்டு அகாடமிகள்கிட்ட கேக்கலாம்னும் எழுதி வெச்சார். 'இது நடக்கலைன்னா அது'ன்னு எழுதறது நம்ம பொழப்புலயும் உண்டே! பார்லிமென்ட் லாட்டரி நடத்திப் பணம் புரட்டுச்சு. 1759-ல திறந்த பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அதுதான் அஸ்திவாரம்.

வெள்ளைக்காரன் கதை போதும், நம்ம ஊருக்கு வருவோம்.

மூணாவது, மறைமலை அடிகள். பல்லாவரம் வீட்டுல சுமார் 4000 புத்தகம் சேர்த்து வெச்சிருந்தார். 1950-ல காலமானார். புத்தகங்கள் பொதுமக்களுக்குப் பயன்படணும்கறது அவரோட விருப்பம். ஆனா நூலகம் திறந்தது எப்ப தெரியுமா? 1958. சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தோட வ.சுப்பையா பிள்ளை தூக்கிச் சுமந்தார். சென்னை லிங்கிச் செட்டித் தெருவுல மறைமலை அடிகள் பேர்லயே நூலகம் வந்துச்சு. நடுவுல எட்டு வருஷம். விருப்பம் தெளிவா இருந்தும், அதைச் செஞ்சு முடிக்க ஒரு மனுஷன் வேண்டியிருக்கு.

நாலாவது ஆள்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. கோட்டையூர் ரோஜா முத்தையா. பெரியப்பா வீட்டுலேர்ந்து பஸ்ல கொஞ்ச நேரம்தான் கோட்டையூர்! தொழில்ல விளம்பரப் பலகை எழுதற ஓவியர். மெட்ராஸ் மூர்மார்க்கெட் பழைய புத்தகக் கடைங்கள்ல ஆரம்பிச்ச பழக்கம், கடைசியில ஒரு லட்சம் உருப்படி அளவுக்கு வளர்ந்துச்சு. புத்தகம் மட்டும் இல்லீங்க. நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ், பத்திரிகைத் துணுக்கு, எதையும் விடலை. 1992-ல காலமானார். யோசிச்சுப் பாருங்க, செட்டிநாட்டுல ஒரு வீடு நிறையக் காகிதம். கரையானும் ராமபாணப் பூச்சியும் உயில் பாத்துட்டா வேலையை ஆரம்பிக்கும்?

1994-ல சிகாகோ பல்கலைக்கழகம் குடும்பத்தார்கிட்டேர்ந்து மொத்தத்தையும் வாங்கிச்சு. ஆனா கப்பல் ஏத்தலை. தமிழ்நாட்டுலயே இருக்கட்டும்னு சென்னைக்குக் கொண்டு வந்து, மைக்ரோஃபிலிம் எடுத்து, பட்டியல் போட்டு, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாச்சு. முதல்ல முகப்பேர், இப்ப தரமணி. நான் தினமும் ஆபீஸ் போறப்ப அந்த ஏரியாவைத் தாண்டித்தான் போறேன். உள்ள இருக்கறது பெரியப்பா ஊர்ப் பக்கத்துக்காரர் சேர்த்ததுன்னு இத்தனை நாள் தெரியாது. வெக்கமா இருந்துச்சு.

இந்த நாலு கதையிலயும் எனக்கு ஒரு பொது விஷயம் தட்டுப்பட்டுச்சு. பீப்ஸ் தன் நூலகத்துல 1800-க்கு மேல தெருப்பாட்டுத் தாள் சேர்த்து வெச்சிருந்தார். தெருவுல சில்லறைக் காசுக்கு வித்த ஒத்தைத் தாள்கள். இன்னிக்கு அந்தக் கால ஜனங்களோட பேச்சையும் பாட்டையும் தெரிஞ்சுக்க அறிஞர்கள் அதைத்தான் தேடிப் போறாங்க. ரோஜா முத்தையா சேர்த்த நோட்டீஸும் அப்படித்தான். பெரிய புத்தகத்தை நாலு பேர் பத்திரப்படுத்துவான். நோட்டீஸை எவன் பத்திரப்படுத்துவான்? அதை மடிச்சு வெச்ச ஒருத்தன் இருந்தாத்தான் உண்டு.

அடுத்த சனிக்கிழமையே காரைக்குடிக்கு பஸ் ஏறிட்டேன். "பெரியப்பா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு"ன்னு மொதல்ல ஒத்துக்கிட்டு, பீப்ஸ் கதையைச் சொன்னேன். மரக்கட்டை வெச்ச கதைக்குச் சிரிச்சார். அப்புறம் மெதுவா, "அப்ப என் மூவாயிரம் எவ்வளவுடா?"ன்னார்.

ஃப்ளாட்டுல ஒரு அலமாரிதான் வெக்க முடியும். 200 புத்தகம்னு முடிவு பண்ணினோம். எதை வெக்கறதுன்னு அவரே எடுத்தார், நான் வாயைத் திறக்கலை. ரெண்டு நாள் ஆச்சு. ஒவ்வொண்ணையும் எடுத்துத் தூசி தட்டி, எங்க வாங்கினேன், யார் குடுத்தான்னு சொல்லிக்கிட்டே இருந்தார். எக்செல்ல மூணு பத்தி போட்டிருந்தேன்: தலைப்பு, வருஷம், யாருக்கு. நாலாவதா 'கதை'ன்னு ஒரு பத்தி சேர்க்க வேண்டியதாப் போச்சு. போன்ல ரெக்கார்டும் பண்ணிக்கிட்டேன். 201-வது புத்தகம் கையில வந்தப்ப ரொம்ப நேரம் வெச்சுக்கிட்டே இருந்தார். அப்புறம் அலமாரியிலேர்ந்து ஒண்ணை உருவிட்டு இதைச் சொருகினார். உருவினதை என் கையில குடுத்து, "இது பள்ளிக்கூடத்துக்கு"ன்னார்.

பாக்கிப் புத்தகத்துல கொஞ்சம் பழைய மாணவர்களுக்கு, கொஞ்சம் அவர் வேலை பாத்த பள்ளிக்கூடத்துக்கு. பூச்சி அரிச்சு உதிர்ந்ததை அவரே எடைக்குப் போடச் சொன்னார். அவர் வாயால சொன்னா அது வேற. நான் சொன்னப்ப அது வேறயா இருந்துச்சு.

கடைசியா டிரங்குப் பெட்டி. திறந்தா அந்துருண்டை வாசனை. உள்ள 1960-கள்லேர்ந்து காரைக்குடி கம்பன் விழா அழைப்பிதழ்கள், உள்ளூர் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட ஆண்டுவிழா நிகழ்ச்சி நிரல். கம்பன் விழா அழைப்பிதழ் ஒவ்வொண்ணு பின்னாடியும் பென்சில்ல பொடி எழுத்து. யார் நல்லாப் பேசினாங்க, யார் வரலை, எந்தப் பாட்டுக்குக் கூட்டம் கைதட்டுச்சு, எல்லாம். "குப்பைன்னு நினைச்சு உங்களுக்கெல்லாம் காட்டலைடா"ன்னார். நான் எடைக்குப் போடலாம்னு சொன்ன மொத்தத்துல இதுவும் ஒரு பகுதி. இதுக்கு இன்னொரு பிரதி உலகத்துல எங்கயும் இருக்காது.

பென்சில் எழுத்துல பாதி சுருக்கம். பெயரெல்லாம் ரெண்டு எழுத்துலதான் இருக்கு. இப்ப ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பண்ணி ஒவ்வொண்ணாக் கேட்டு எழுதிக்கிட்டிருக்கேன். இதுவரைக்கும் 31 அழைப்பிதழ் முடிஞ்சிருக்கு. முழுசா முடிச்சப்புறம் பெட்டி ஒரு நூலகத்துக்குப் போகும். எதுக்குன்னு அவரே பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டார். அது வேண்டாம்னா அடுத்து எதுக்குன்னும் எழுதியிருக்கார் (ஸ்லோன் வாழ்க!). எழுத்துல யோசனை என்னோடது, முடிவு அவரோடது.

உங்க வீட்டுலயும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். காசு, தீப்பெட்டிப் படம், கேசட், என்னவோ ஒண்ணு. சேர்த்தவர் நல்லாப் பேசிக்கிட்டு இருக்கும்போதே பக்கத்துல போய் உக்காருங்க. "இதை என்ன பண்றது?"ன்னு ஆரம்பிக்காதீங்க, நான் வாங்கிக் கட்டிக்கிட்டது போதும். "இது என்ன?"ன்னு ஆரம்பிங்க.

டிஸ்கி: என்கிட்டயும் படிக்காத 140 புத்தகம் இருக்கு. அதைப் பத்தி வீட்டம்மா தனியா ஒரு பதிவு போடறதா மிரட்டிக்கிட்டிருக்காங்க :-)