கீபோர்டு இருந்தா கால்குலேட்டர் வெளியே

பரீட்சை ஹாலுக்குள்ள கால்குலேட்டர் நுழைஞ்ச கதையைத்தான் இன்னைக்குப் பேசப்போறேன். நடந்தது அமெரிக்காவில். பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி அளவுக் கணக்கை எழுதுற தேர்வு ஒன்னு அங்கே உண்டு, பேரு ஏபி கால்குலஸ். 1983-ல் அதுக்குக் கால்குலேட்டர் கொண்டுவரலாம்னு அனுமதிச்சாங்க. கவனிங்க, கொண்டுவர"லாம்". கட்டாயம் இல்லை. சிக்கலே அந்த "லாம்"லதான். ஒருத்தர் கையில மெஷின் இருக்கு, பக்கத்து பெஞ்சுக்காரர்கிட்ட இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே கேள்வித்தாள். ரெண்டே வருஷம், அனுமதி வாபஸ்.

1993-ல் திரும்ப வந்தப்போ கட்டாயமாவே ஆக்கிட்டாங்க. 1995-ல் இன்னும் ஒரு படி மேல: வரைபடம் போடுற கிராஃபிங் கால்குலேட்டர் இருந்தே ஆகணும். பேப்பர்ல இது சமத்துவம். கடையில? டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-84 பிளஸ் 2004-ல் வந்த மாடல், இன்னமும் நூறு டாலர் அளவில் விக்குது. இத்தனை வருஷத்துல நம்ம போன் எங்கேயோ போயிடுச்சு!

இதுல எனக்குப் பிடிச்ச கூத்து ஒன்னு இருக்கு. அதே கம்பெனி 1995-ல் டிஐ-92ன்னு ஒன்னு விட்டாங்க. எக்ஸ், ஒய் போட்ட சமன்பாட்டையே அது தீர்த்துக் கொடுக்கும். ஆனா டைப்ரைட்டர் மாதிரி முழு கீபோர்டு இருந்ததால தேர்வில் தடை. 1998-ல் டிஐ-89 வந்தது. அதே மூளை, கீபோர்டு மட்டும் இல்ல. உள்ளே வரலாம்னுட்டாங்க! மெஷின் அல்ஜீப்ரா போட்டா பரவாயில்லை, டைப்ரைட்டர் மாதிரி கீபோர்டு இருந்தாத்தான் பிரச்சினை.

உண்மையான நியாயம் வந்தது மதிப்பெண் போடுற விதத்துலதான்னு நான் நினைக்கிறேன். ஏபி கால்குலஸில் விரிவா எழுதுற கேள்வி இப்போ ஆறு. ரெண்டுக்குத்தான் கால்குலேட்டர், நாலுக்குக் கிடையாது. அந்த ரெண்டிலும் விடையை மட்டும் எழுதிட்டு வர முடியாது. எந்த இன்டெக்ரலைப் போட்டீங்கன்னு கணிதக் குறியீட்டில் எழுதிக் காட்டணும். மெஷின்ல அழுத்தின கட்டளையை அப்படியே எழுதினா செல்லாது. அதாவது, கணக்கை அமைக்கிற மூளைக்கு மார்க். விலை உயர்ந்த மாடல் வெச்சிருக்கிறவருக்கு இதுல தனிச் சலுகை எதுவும் கிடைக்காது.

சரி, மெஷினே வாங்க முடியாதவங்க? கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வில் 1994-ல் கால்குலேட்டரை முதல்முறையா அனுமதிச்சாங்க, அவங்கவங்க கொண்டுவரணும். 2024-ல் அமெரிக்க மாணவர்களுக்கு அந்தத் தேர்வு கம்ப்யூட்டருக்கு மாறினப்போ, டெஸ்மோஸ் கிராஃபிங் கால்குலேட்டரைத் திரைக்குள்ளேயே வெச்சுக் கொடுத்துட்டாங்க. இலவசம், எல்லாருக்கும் அதே ஒன்னு. இதுக்கு 30 வருஷம் ஆச்சு.