அழுகுரலும் புழுங்கலரிசியும்

பளைக்குத் தெற்கே, இரணைமடுக் குளத்து நீரால் விளையும் நெல்லை அவித்து, உலர்த்தி, அதன் பின்னரே குற்றி உண்பது வன்னி மக்களின் பழைய வழக்கம். இவ்வழக்கம் உயிர் காப்பது என்பதை உலகிற்கு உணர்த்தியது, கடலுக்கு அப்பாலுள்ள மலாயா நாடாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் பலர் பெரிபெரி நோயால் மாண்டனர். ‘இயலாது’ எனப் பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து பிறந்தது இந்நோயின் பெயர் என்பர். நோயுற்றோரின் கால்கள் மரத்தன, உடல் வீங்கியது, இதயம் தளர்ந்தது. ஆயின், அந்நாட்டிலே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை அது அரிதாகவே தீண்டிற்று. இவ்வேற்றுமையை வைத்தியர் பிராடன் 1907 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். சீனர் உண்டது தீட்டிய வெள்ளைப் பச்சையரிசி; தமிழர் உண்டது புழுங்கலரிசி. பச்சையரிசியில் நஞ்சு உண்டாகிறது என அவர் கருதியது பிழையே. எனினும், அவர் கண்ட வேற்றுமை மெய்யே. பிரேசர், ஸ்ரான்ரன் என்போர் 1909 இல் வெளியிட்ட ஆய்வு அதனை உறுதிப்படுத்திற்று.

உண்மையில், அந்நோய்க்குக் காரணம் தயமின் என்னும் விற்றமின் பீ1 இன் குறைபாடு. நெல்லை அவிக்கும்பொழுது தவிட்டிலும் முளையிலும் உள்ள அச்சத்து அரிசியின் உள்ளே ஊறி நிலைபெறுகின்றது. பின்னர் தீட்டினும் அது முற்றாக நீங்குவதில்லை.

இந்நோய் பால்குடிக் குழந்தையைப் பற்றுங்கால் குரலையும் கவர்கின்றது. தாயின் உணவில் தயமின் குறையின் தாய்ப்பாலிலும் அது குறையும். அதனாற் குரல்வளையை இயக்கும் நரம்பு தளர, குழந்தையின் அழுகை முதலிற் கம்மும். பின்னர், வாய் திறந்து அழுதும் ஓசை எழாது. பிலிப்பைன் தீவுகளில் இந்நோயுற்ற குழந்தைகளுக்கு, வைத்தியர்களான சேம்பர்லேனும் வெடரும் அரிசித் தவிட்டின் சாற்றைப் புகட்டிக் குணங்கண்டு, 1912 இல் அதனை அறிவித்தனர். ‘விற்றமின்’ என்னும் சொல்லைப் பங்க் என்பார் ஆக்கியதும் அவ்வாண்டிலேயே. 1926 இல் ஜாவாத் தீவின் பத்தாவியா நகரில் ஜான்சனும் டொனாத்தும் தயமினைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்தனர்.

லாவோஸ், கம்போடியா ஆகிய நாடுகளில், வெள்ளையரிசியையே நம்பிப் பத்தியம் காக்கும் தாய்மாரின் குழந்தைகளிடம் இந்நோய் இக்காலத்தும் காணப்பட்டுள்ளது. அரிசியைப் பன்முறை கழுவுவதும், வடித்த கஞ்சியைக் கொட்டுவதும் தயமினை இழக்கச் செய்வனவாம். குரல் கம்முதற்குக் காரணங்கள் பல உண்டு. எனினும், கைக்குழந்தையின் அழுகையில் ஓசை குன்றின், தாமதமின்றி வைத்தியரிடம் கொண்டுசெல்லுதல் வேண்டும். உரிய வேளையில் தயமின் கிடைப்பின், தளர்ந்த இதயம் சில மணி நேரத்திலேயே தேறத் தொடங்கும். குரலோ சற்றுத் தாமதித்தே மீளும்.