வல்வெட்டித்துறைக் கப்பல் கட்டுந்துறையும் அதன் சொற்களும்

பண்டமாரானில் வாழும் நமக்குத் துறைமுகம் அயலிடமன்று. 1901ஆம் ஆண்டில் சுவெட்டன்ஹாம் துறைமுகமாகத் திறக்கப்பெற்று, 1972 முதல் கிள்ளான் துறைமுகம் என வழங்கும் அத்துறை நமக்கு மிக அணித்தே உள்ளது. அங்கு நாள்தோறும் ஒலிக்கும் ‘காப்பால்’ என்னும் மலாய்ச் சொல், நம் ‘கப்பல்’ என்பதன் வழிவந்தது. சொல்லைக் கடல் கடந்து வழங்கிய தமிழர் கப்பலையும் கட்டினரோ என மாணவர் வினவலாம். அதற்கு விடையாக, இன்று தொழில் ஓய்ந்துவிட்ட ஒரு கப்பல் கட்டுந்துறையை நோக்குவோம்.

யாழ்ப்பாணத்தின் வடகரையில் அமைந்தது வல்வெட்டித்துறை. அங்குக் கட்டப்பெற்ற பாய்க்கப்பல்கள் தமிழகக் கரைக்கும் பர்மாவுக்கும் வாணிகத்தின்பொருட்டுச் சென்றுவந்தன. மதில் சூழ்ந்த பட்டறையோ கல்லால் அமைந்த கப்பல்துறையோ அங்கு இல்லை. கடற்கரை மணலே பட்டறை. கப்பல் கட்டும் தச்சரை ‘ஓடாவியார்’ என்றனர்.

அத்துறையின் புகழ்பெற்ற படைப்பு ‘அன்னபூரணி’. வேப்பமரத்தால் உருவான அப்பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கி, ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்த, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, 1938 ஆகஸ்டில் அது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறையை அடைந்தது.

ஆயினும் காலம் நீராவிக் கப்பலின் பக்கம் நின்றது. நம் முன்னோர் பலரை இந்நாட்டுக்குக் கொணர்ந்த ‘ரஜுலா’, 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பெற்ற இரும்புக் கப்பலே. பின்னர் இந்தியாவும் இலங்கையும் தனி நாடுகளாயின. சுங்கச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் இறுகவே, பாய்க்கப்பல் வாணிகம் நலிந்தது. அதனோடு கப்பல் கட்டுதலும் நின்றது.

மணலில் நடந்த தொழில் மணலில் சுவடு விடவில்லை. எஞ்சியிருப்பவை சொற்களே. கப்பலின் அடிமரம் ‘ஏரா’, முன்புறம் ‘அணியம்’, பின்புறம் ‘அமரம்’, பலகை இடுக்குகளில் நீர் புகாதவாறு அடைத்தல் ‘கலப்பற்று’. அறபு மொழியில் ஆசானைக் குறிக்கும் ஒரே சொல் தமிழில் ‘மாலுமி’ என்றும் மலாயில் ‘மாலிம்’ என்றும் வழங்குவது, இக்கடலில் மக்கள் கலந்து பழகியமைக்குச் சான்று.

இச்சொற்களை அகராதி காக்கும். எனினும், ஒரு சொல்லை எப்பொழுது, எவ்வாறு, யாரிடம் சொன்னார்கள் என்பதைத் தொழில் செய்தோர் நினைவே காக்கும். அவர் மறைந்தால் அதுவும் மறையும். நம் துறைமுகத்தில் தொங்கானிலும் சரக்குக் கொட்டகையிலும் உழைத்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஆசிரியர்கள் மாணவரை அவர்பால் அனுப்புக. கேட்கும் சொல்லையும் அதன் பொருளையும் சொன்னவர் செய்த தொழிலையும் மாணவர் ஒருங்கே எழுதி வைத்தால், வல்வெட்டித்துறையில் நாம் தவறவிட்டதைக் கிள்ளானிலேனும் காத்தவராவோம்.